அசல்

மிஷ்கோல்ட்ஸ் நகரத்து அவாஷ் மேட்டில்
கான்கிரீட் பலகைகளை அடுக்கி நிறுத்திய பத்து மாடி.
இரண்டாவதில் நான்.
ஏழாவதில் யெனோவும் பிரோஷ்காவும்.
அவர்கள் கையெழுத்துப் போட்ட மேசை என்னுடையது.
பேனாவும்.

இரண்டாயிரத்து ஏழு, செப்டம்பர்.
ஃபோரிண்டில் வாங்கினால் வட்டி பதின்மூன்று,
சுவிஸ் ஃபிராங்கில் வாங்கினால் ஐந்து.
"ஃபிராங்க் மலை மாதிரி" என்றேன்.
பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியம்.
"மலை எங்கே போய்விடப்போகிறது?"

யெனோ டிராம் ஓட்டுபவர்.
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"கண்ணால் பார்த்தேயிராத காசில்
எப்படிக் கடன்படுவது?"
நான் சிரித்தேன். பிரோஷ்கா சிரித்தாள்.
மரியாதைக்கு அவரும்.
அந்த மாதக் கமிஷனில்
என் குளியலறைக்குப் பச்சை ஓடு பதித்தேன்.

மலை எங்கும் போகவில்லை.
நின்ற இடத்திலேயே நின்றது.
எங்கள் காலடி மண்தான் சரிந்தது.
நூற்று அறுபதுக்கு வாங்கிய ஃபிராங்க்
இருநூறாகி
இருநூற்று நாற்பதாகி
கட்டக் கட்ட வளர்ந்தது பாக்கி.
வட்டி குட்டி போடும் என்பது பழைய கதை,
இங்கே அசலே குட்டி போட்டது.

எங்கள் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும்
ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்க்காரர்களுக்கு
அன்று வாழ்த்துச் சொல்வோம்.
பிரோஷ்கா அந்தப் பெயர்களுக்குக் கீழே
அன்றன்றைய ஃபிராங்க் விலையைப் பென்சிலில் எழுதினாள்.
படிக்கட்டில் யாரும் மழை வருமா என்று கேட்பதில்லை.
"இன்றைக்கு எவ்வளவு?"
அவ்வளவுதான் காலை வணக்கம்.

பத்து வீடுகள் பராமரிப்புப் பணம் கட்டவில்லை,
லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றுபோனது.
அதே வாரம் தொலைக்காட்சியில்
சாம்பல் கோட்டு அணிந்த ஒருவர் அறிக்கை படித்தார்:
குடும்பக் கடன் கவலைக்குரியது,
ஆனாலும் வங்கி அமைப்பு எந்த அதிர்ச்சியையும் தாங்கும்,
பரிசோதித்துவிட்டோம்.
உண்மைதான், அமைப்பு விழவில்லை.
எங்கள் லிஃப்டும் விழவில்லை.
விளக்கு எரிய, உள்ளே ஆளில்லாமல்
நடுவில் நின்றது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்.
என் வீட்டுக் கடனும் ஃபிராங்கில்தான்.
அதே மேசை, அதே பேனா.
நம்பித்தான் விற்றேன்.
அது மன்னிப்பாகாது, தெரியும்.
வேலை போன பிறகு கிளையை மூடினார்கள்,
மேசையை யாரோ நாற்பது யூரோவுக்கு
எடுத்துப் போனதாகக் கேள்வி.

அவர்கள் மகள் வில்லோ
வின்டர்தூர் ஆஸ்பத்திரியில்
துணி வெளுக்கப் போனாள்.
ஃபிராங்கில் பட்ட கடனை
ஃபிராங்கில் சம்பாதிக்க.
ஈஸ்டருக்கு வந்து திரும்பிய மறுநாள்
கீழ்வாசலில் யெனோ என்னை நிறுத்தினார்.
உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு
என் கையைப் பிடித்து விரித்து
ஒரு நாணயம் வைத்தார்.

அரை ஃபிராங்க்.
ஈட்டியும் கேடயமுமாய் நிற்கும் ஒருத்தி,
அவளைச் சுற்றி நட்சத்திரங்கள்.
இரண்டு கிராம் இருக்கலாம்.
நானும் அதை அன்றுதான் முதலில் பார்க்கிறேன்,
அதை அவரிடம் சொல்லவில்லை.

"இவளுக்கா?" என்றார்.
கோபமில்லை. கடைத்தெருவில்
முன்பின் தெரியாத சொந்தக்காரியை
அறிமுகப்படுத்தியது போல.
பிறகு நாணயத்தைத் திரும்ப எடுத்து
டிராம் சாவி கிடக்கும் பைக்குள் போட்டார்.
"இருபத்தாறாயிரத்து நானூற்று முப்பது பாக்கி.
இந்த அரை போக."

மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்தேன்.
வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.
இரண்டு மாடி பேசாமல் ஏறினோம்.
எனக்கு வீடு வந்துவிட்டது.
அவருக்கு இன்னும் ஐந்து மாடி.